எடைக்கல்லைச் சரிபார்ப்பது எப்படி? சிக்னல் ஜெனரேட்டரின் கதை

சந்தையில் தராசு சரியாக இருந்தாலும் எடைக்கல் தேய்ந்திருந்தால் எடை தப்பாகத்தான் வரும். ரேடியோ உலகத்தில் அந்த எடைக்கல்லின் வேலையைச் செய்வது சிக்னல் ஜெனரேட்டர். இந்த அதிர்வெண்ணில், இந்த அளவில், இத்தனை சதவீத மாடுலேஷனோடு ஒரு சிக்னல் வேண்டும் என்றால் அதை உண்டாக்கித் தரும் கருவி. அதன் வரலாறு முழுக்க ஒரே ஒரு கேள்விதான்: இந்த எடைக்கல்லையே எப்படி நம்புவது?

உடுமலைப்பேட்டைப் பக்கம் மீடியம் வேவ் காலத்தில் வீடுகளில் கேட்ட நிலையங்களில் முக்கியமானவை இரண்டு. ஒன்று 1939ல் தொடங்கிய திருச்சி, மற்றது 1966ல் தொடங்கிய கோவை. பின்னாளில் திருச்சிக்கு 936 கிலோ ஹெர்ட்ஸ், கோவைக்கு 999 கிலோ ஹெர்ட்ஸ். நடுவில் 63 கிலோ ஹெர்ட்ஸ் இடைவெளிதான்! இரண்டையும் பிரித்துக் கேட்பது ரேடியோ பெட்டிக்குள் இருக்கும் காயில்கள் சரியாக அமைவதைப் பொறுத்தது.

கோவையின் ஜி.டி. நாயுடு 1941லேயே 5 வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தயாரிக்க முடியும் என்று அறிவித்தவர். ஆனால் ரேடியோவின் விலையைக் குறைக்க நினைக்கும் எவருக்கும் ஒரு சிக்கல் உண்டு. எந்தக் காயிலும் எந்தக் கண்டன்சரும் அச்சு அசலாக இன்னொன்றைப் போல இருக்காது. ஒவ்வொரு பெட்டியையும் தனித்தனியாகச் சரிசெய்தே ஆக வேண்டும்.

அலைன்மென்ட் என்ற வேலை

1918ல் அமெரிக்காவின் எட்வின் ஆம்ஸ்ட்ராங் கண்டுபிடித்த சூப்பர்ஹெட் முறைதான் பெரும்பாலான ரேடியோக்களில் உள்ளது. எந்த நிலையத்தைத் திருப்பினாலும் அதை 455 கிலோ ஹெர்ட்ஸாக மாற்றிப் பெருக்குவது இதன் தத்துவம். மெக்கானிக் 455 கிலோ ஹெர்ட்ஸ் சிக்னலை 400 ஹெர்ட்ஸ் ஒலியால் 30 சதவீதம் மாடுலேட் செய்து உள்ளே விடுவார். ஒலி உச்சத்துக்கு வரும்வரை ஐ.எஃப்.டி. காயில்களைத் திருகுவார். பிறகு 600, 1400 கிலோ ஹெர்ட்ஸில் டிரிம்மர்கள்.

ஜெனரேட்டர் இல்லாத கடையில்? ஏதாவது ஒரு நிலையத்தை வைத்துக் காதால் கேட்டே திருக வேண்டியதுதான். அந்த நிலையம் நன்றாகக் கேட்கும், டயலின் மறுகோடி மந்தமாகிவிடும்.

மூன்று பொய்கள்

1920களின் இறுதியில் அமெரிக்காவின் ஜெனரல் ரேடியோ நிறுவனம் ஸ்டாண்டர்ட் சிக்னல் ஜெனரேட்டர்களை விற்கத் தொடங்கியது. ஆரம்பக் காலக் கருவிகள் மூன்று விதமாகப் பொய் சொல்லக் கூடியவை.

முதல் பொய், நகர்வு. வால்வு சூடாகச் சூடாக அதிர்வெண் நகரும். 1920களில் வந்த குவார்ட்ஸ் படிக ஆசிலேட்டர் இதற்கு மருந்தானது.

இரண்டாவது, கசிவு. ரேடியோவின் திறனை அளக்க 1 மைக்ரோ வோல்ட் போதும். உள்ளே உற்பத்தியாவதோ 1 வோல்ட் அளவில் இருக்கும். அதாவது 10 லட்சம் மடங்கு! அட்டெனுவேட்டர் எவ்வளவு குறைத்தாலும் பெட்டியின் இடுக்கு வழியாகவோ மின்கம்பி வழியாகவோ கசிந்தால், முன்வாசலைப் பூட்டிவிட்டுப் பொடக்காலிக் கதவைத் திறந்து வைத்த கதைதான். பெட்டிக்குள் பெட்டி வைத்து, மின்கம்பிகளில் ஃபில்டர் போட்டு இதை அடைத்தார்கள்.

மூன்றாவதுதான் நுட்பமானது. ஆசிலேட்டரையே நேரடியாக ஏ.எம். செய்தால் அதன் அதிர்வெண்ணும் கூடவே ஆடும். கேட்காமலே கொஞ்சம் எஃப்.எம். கலந்துவிடும். ரேடியோவில் தெரியும் சிதைவு ரேடியோவுடையதா, கருவியுடையதா என்றே புரியாது. ஆசிலேட்டரைத் தனியே நிம்மதியாக விட்டு, அடுத்த கட்ட ஆம்ப்ளிஃபயரில் மாடுலேட் செய்வது இதற்குத் தீர்வானது.

எஃப்.எம். வந்த பிறகு

1933ல் ஆம்ஸ்ட்ராங் எஃப்.எம். முறைக்குக் காப்புரிமை பெற்றார். இந்தியாவில் எஃப்.எம். சேவை 1977ல் சென்னையில் தொடங்கியது. கொடைக்கானல் மலையிலிருந்து 100.5 மெகா ஹெர்ட்ஸில் ஒலித்த கோடை பண்பலை கொங்குச் சமவெளியில் தெளிவாக இறங்கியது.

எஃப்.எம்மில் அதிர்வெண் எவ்வளவு தூரம் ஊசலாடுகிறது என்பதே ஒலியின் அளவு. ஒலிபரப்பில் உச்ச வரம்பு 75 கிலோ ஹெர்ட்ஸ். அதிகமானால் பக்கத்து நிலையத்தில் இடிக்கும், குறைந்தால் குரல் மங்கும். சரி, மீட்டர் 75 என்று காட்டினால் அது உண்மையிலேயே 75தானா?

இதற்கு விடை ஒரு வானியலாளரிடமிருந்து வந்தது! 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் பெசல் கோள்களின் இயக்கத்தைக் கணக்கிடும்போது விரிவாக ஆராய்ந்த சார்புகளே எஃப்.எம். அலையின் பகுதிகளையும் விவரிக்கின்றன. அவற்றின்படி, ஊசலாட்டத்தை ஒலி அதிர்வெண்ணால் வகுத்தால் வரும் எண் 2.405 ஆகும்போது நடுவிலுள்ள கேரியர் முழுவதுமாக மறைந்துவிடும். மறுபடி 5.520ல் மறையும். ஆக 13.59 கிலோ ஹெர்ட்ஸ் ஒலியைக் கொடுத்து, அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டி, கேரியர் இரண்டாம் முறை மறையும் இடத்தில் நிறுத்தினால் ஊசலாட்டம் சரியாக 75 கிலோ ஹெர்ட்ஸ். மீட்டர் தேவையில்லை. கணிதமே எடைக்கல்!

இன்று டிஜிட்டல் சின்தசைசர்கள் அதிர்வெண்ணைப் பத்தாவது இலக்கம் வரை காட்டுகின்றன. ஆனாலும் இலக்கம் அதிகம் தெரிவதாலேயே அது உண்மையாகிவிடாது. கருவிகள் காலத்துக்குக் காலம் காலிபரேஷனுக்குப் போகின்றன. அந்தச் சங்கிலி இந்தியாவில் டெல்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகம் வரை போகிறது. அதன் கடைசிக் கண்ணி சீசியம் அணு. அதன் 919,26,31,770 அதிர்வுகளே 1 நொடி என்று 1967ல் உலகம் ஒப்புக்கொண்டது.

கடைசியில் எடைக்கல்லாக நிற்பவை இரண்டு: ஒரு அணுவின் துடிப்பு, ஒரு கணிதச் சார்பின் பூச்சியம். இரண்டுக்கும் தேய்மானம் கிடையாது.