பாமாயிலில் ஓடிய பிரஸ்ஸல்ஸ் பஸ்

ருடால்ஃப் டீசல் தன் எஞ்சினைக் கடலை எண்ணெய்க்காகவே கண்டுபிடித்தார் என்று ஒரு கதை உலவுகிறது. அழகான கதைதான், ஆனால் உண்மையில்லை. 1897இல் ஆக்ஸ்பர்க் நகரில் அவர் ஓட்டிக்காட்டிய எஞ்சினுக்கு ஊற்றியது பெட்ரோலிய எண்ணெய்.

கடலை எண்ணெய் வந்தது 1900இல், பாரிஸ் உலகக் கண்காட்சியில். ஓட்டோ நிறுவனம் அங்கே வைத்திருந்த சிறிய டீசல் எஞ்சின் ஒன்று அதில் ஓடியது. எஞ்சினில் எந்த மாற்றமும் செய்யவில்லை. அது அவ்வளவு சீராக ஓடியதால் பார்த்தவர்களில் வெகு சிலருக்கே விஷயம் புரிந்தது என்று டீசலே 1912இல் சொன்னார். யோசனைகூட அவருடையதல்ல, பிரெஞ்சு அரசுடையது. ஆப்பிரிக்கக் காலனிகளில் நிலக்கடலை விளைகிறது; எரிபொருளைக் கப்பலில் ஏற்றி அனுப்புவானேன் என்ற கணக்கு. இன்று பசுமை எரிபொருள் என்று கொண்டாடுவதன் தொடக்கம் காலனிக் கணக்குப் புத்தகத்தில் இருப்பது கொஞ்சம் நெருடத்தான் செய்கிறது.

அப்போது ஓடியது பயோடீசலும் அல்ல, வெறும் எண்ணெய். தாவர எண்ணெய் டீசலைவிடப் பத்து மடங்கு கெட்டி. இன்ஜெக்டரிலிருந்து சரியாகச் சிதறாது, அரைகுறையாக எரிந்து கரி படியும். நாள்பட ஓட்டினால் எஞ்சின் கெட்டுவிடும்.

இதற்கு வழி கண்டவர் பிரஸ்ஸல்ஸ் பல்கலைக்கழகத்தின் ஷவான். எண்ணெய் மூலக்கூறு வில்வ இலை மாதிரி: கிளிசரின் என்ற ஒரே காம்பில் மூன்று கொழுப்பு அமிலங்கள். ஆல்கஹாலைச் சேர்த்து வினைபுரியச் செய்தால் காம்பு கழன்று, மூன்றும் தனித்தனி எஸ்டர்களாகிவிடும். அந்த எஸ்டர்தான் பயோடீசல். எண்ணெயைவிட மிகவும் நீர்த்தது. இந்த வினை 1853லேயே வேதியியலாளர்களுக்குத் தெரியும், எஞ்சின்தான் அப்போது இல்லை. ஷவானுக்கு 1937 ஆகஸ்ட் 31இல் பெல்ஜியக் காப்புரிமை கிடைத்தது. மறு ஆண்டே பிரஸ்ஸல்ஸ்–லூவன் தடத்தில் ஒரு பயணிகள் பஸ் பாமாயில் எஸ்டரில் ஓடியது. பாமாயில் ஏன்? காங்கோ அன்று பெல்ஜியத்தின் காலனி.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பெட்ரோலியம் மலிவாகக் கிடைக்க, எல்லாம் மறந்துபோயிற்று. 1970களின் எண்ணெய் நெருக்கடிதான் அதைத் தூசு தட்டி எடுக்க வைத்தது. இன்றைய ஆலைகளில் ஆல்கஹாலாகச் சேர்ப்பது பெரும்பாலும் எத்தனால் அல்ல, விலை குறைந்த மெத்தனால். நூறு கிலோ எண்ணெய்க்குச் சுமார் பத்து கிலோ மெத்தனால் போதும். நூறு கிலோ பயோடீசலும் பத்து கிலோ கிளிசரினும் கிடைக்கும்.

பாரிஸ் கதையைக் கேட்டுவிட்டு யாராவது டீசல் காரில் கடலை எண்ணெயை அப்படியே ஊற்றிப் பார்க்க நினைத்தால், தயவுசெய்து வேண்டாம்.