தேய்க்கும் கை வேண்டும், குளிக்கும் உடல் வேண்டாம்!

அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் ஹாட் ஸ்பிரிங்ஸ் என்றொரு நகரம். அங்கே மலையடிவாரத்தில் 47 ஊற்றுகளிலிருந்து ஏறத்தாழ 62 பாகை செல்சியஸ் சூட்டில் தாது உப்பு கலந்த நீர் வருகிறது. மூட்டுவலிக்கும் தோல் நோய்க்கும் அது மருந்து என்று நம்பி நாடெங்கிலுமிருந்து மக்கள் வந்தார்கள். குவாப்பா பழங்குடிகள் 1818இல் ஓர் ஒப்பந்தத்தின் மூலம் இழந்த நிலப்பரப்பில் இருக்கிறது அந்த ஊற்று. 1832இல் அமெரிக்க நாடாளுமன்றம் அதை அரசின் ஒதுக்கீட்டு நிலமாக அறிவித்தது. 1921இல் அது தேசியப் பூங்கா ஆனது.

இந்த ஆண்டுகளை மனதில் வையுங்கள். அந்த வெந்நீர் எந்த முதலாளியின் கிணற்றிலிருந்தும் வந்ததில்லை. அது அரசின் நீர், பொதுச்சொத்து.

அந்தப் பொதுச்சொத்தின் மேல் எழுந்ததுதான் 'பாத்ஹவுஸ் ரோ' என்ற குளியல் மாளிகை வரிசை. இன்றும் எட்டு மாளிகைகள் நிற்கின்றன. அவற்றில் 1915இல் திறந்த ஃபோர்டைஸ்தான் ஆடம்பரத்தின் உச்சம். ஆண்கள் குளியல் கூடத்துக்கு வண்ணக் கண்ணாடிக் கூரை. அதன் கீழே ஒரு சிலை: ஸ்பானியத் தளபதி டி சோட்டோவுக்குப் பழங்குடிப் பெண் ஒருத்தி தண்ணீர் தருகிறாள். நிலம் போனவள் சிலையாக நிற்கிறாள், அதுவும் தண்ணீர் கொடுப்பவளாக.

அந்த மாளிகைகளில் வேலை செய்தவர்கள் யார்? கறுப்பின ஆண்களும் பெண்களும். தொட்டியை நிரப்புவது, வெள்ளையரின் முதுகை நாரால் தேய்ப்பது, நீராவிப் பெட்டிக்குள் உட்காரவைப்பது, சூடான துணியை உடம்பில் சுற்றுவது எல்லாம் அவர்கள்தான். கொதிக்கும் ஆவிக்குள் நாள் முழுக்க நின்ற அவர்களுக்கு அந்தத் தொட்டியில் குளிக்க உரிமை இல்லை.

இதை வாசிக்கும் நமக்கு வியப்பு வராது. நம் கை வெட்டிய குளத்தில் நாம் இறங்கக் கூடாது என்பதைப் பரம்பரையாகக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். தீண்டாமை தொடுதலைப் பற்றியதென்றால் அந்தக் கறுப்புக் கை வெள்ளை முதுகைத் தொட்டபோதே தீட்டு வந்திருக்க வேண்டுமே? வரவில்லை. குனிந்து வேலை செய்யும் கையால் எந்தத் தீட்டும் இல்லை. அதே கைக்கு உரியவர் நிமிர்ந்து, காசு கொடுத்து, அடுத்த தொட்டியில் சமமாக உட்கார்ந்தால்தான் தீட்டு. அழுக்கு என்பது சாக்கு. காக்கப்பட்டது படிநிலை.

ஏழைகளுக்காக அரசு நடத்திய இலவசக் குளியல் கூடத்திலும் நிறப் பிரிவினை இருந்தது. அங்கே 1921இல் பொதுச் சுகாதாரத் துறை பால்வினை நோய் மருத்துவமனை ஒன்றைத் தொடங்கியது. அதை நடத்திய மருத்துவர் ஆலிவர் வெங்கர், பின்னாளில் டஸ்கிகீ ஆய்விலும் பங்கெடுத்தார். சிஃபிலிஸ் இருந்த கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சை தராமலே, நோய் எப்படி முற்றுகிறது என்று 1932 முதல் 1972 வரை வேடிக்கை பார்த்த ஆய்வு அது.

கறுப்பின மக்கள் கையேந்தி நிற்கவில்லை. மால்வர்ன் அவென்யூவில் தங்களுக்கென்று குளியல் கூடங்களை எழுப்பினார்கள். 1904இல் கிரிஸ்டல் குளியல் கூடம் வந்தது. 1913இல் நகரை எரித்த தீயில் அது அழிந்தது. அடுத்த ஆண்டே 'நைட்ஸ் ஆஃப் பித்தியாஸ்' என்ற கறுப்பினச் சகோதரத்துவ அமைப்பு பித்தியன் குளியல் கூடத்தைத் திறந்தது. 1920களில் 'உட்மென் ஆஃப் யூனியன்' கட்டிய கட்டடத்தில் விடுதி, குளியல் கூடம், மருத்துவமனை, அரங்கம் எல்லாம் இருந்தன. குழாயில் வந்தது அதே ஊற்று நீர்தான். நீருக்கு நிறம் கிடையாது, வாசலுக்குத்தான் இருந்தது.

1964இல் குடிமை உரிமைச் சட்டம் வந்த பிறகுதான் மாளிகைக் கதவுகள் திறந்தன. ஆனால் வெந்நீர் வைத்தியத்தின் காலம் அதற்குள் முடிந்துகொண்டிருந்தது. ஃபோர்டைஸ் 1962இலேயே மூடப்பட்டது. 1985க்குள் பக்ஸ்டாஃப் ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் மூடின. தண்ணீர் நிறைந்திருந்தபோது பூட்டியிருந்த தொட்டி, வற்றும் நேரத்தில் திறந்தது. தாமதமாக வரும் நீதி எப்படியிருக்கும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

1927 மார்ச் 20 அன்று மகாத்தில் அண்ணல் அம்பேத்கர் சவதார் குளத்து நீரை அள்ளிப் பருகினார். அதுவும் நகராட்சியின் பொதுக்குளம். எல்லோருக்கும் திறந்துவிட்டதாகத் தீர்மானமும் இருந்தது. தீர்மானம் தாளில் இருந்தது, குளம் சாதியின் கையில் இருந்தது. இந்த ஒற்றுமையை அண்ணலும் கண்டார். 1946இல் கறுப்பின அறிஞர் டூ போய்ஸுக்குக் கடிதம் எழுதினார்.

இன்று ஃபோர்டைஸ் ஓர் அருங்காட்சியகம். சுற்றுலாப் பயணிகள் கண்ணாடிக் கூரையை அண்ணாந்து பார்த்துப் படமெடுக்கிறார்கள். நீங்கள் போக நேர்ந்தால் கொஞ்சம் கீழேயும் பாருங்கள். அந்தத் தொட்டிகளின் ஓரத்தில் நின்றவர்களின் கால்கள் தேய்த்த தரை அது.