கடலோடிகளின் சாட்சியம்

அல்ஜாஹிழ் (மறைவு ஹிஜ்ரி 255, கி.பி. 869) கப்பல்கள் வந்தணையும் பஸராவின் மைந்தர். ஆயினும் ‘கிதாபுல் ஹயவான்’ என்னும் தமது பெருநூலில் மீனினத்திற்கெனத் தனி இயல் வகுக்க அவர் உடன்படவில்லை. அச்செய்திகளுள் பெரும்பாலானவை கடலோடிகளின் வாய்மொழி. அவர்களோ சொல்லை நிறுத்துப் பேசாதவர்கள் என்பது அவர் காட்டும் காரணம். அறிவிப்பாளரின் தகுதியை ஆராய்ந்த பின்னரே செய்தியை ஏற்பது நமது கல்வி மரபு. ஆகவே அவரது தயக்கத்தைக் குறை கூறுவதற்கில்லை. எனினும், தீர்ப்பு சரிதானா?

அதே தலைமுறையில், ஹிஜ்ரி 237இல் (கி.பி. 851), வணிகரும் மாலுமிகளும் கூறியவற்றைக் கொண்டு உருவானது ‘அக்பாருஸ் ஸீன் வல் ஹிந்த்’. அதன் தொடக்க ஏடுகள் கிடைக்கவில்லை. எஞ்சிய பகுதி ஒரு மாபெரும் மீனின் வருணனையோடு தொடங்குகிறது. அது நீரை ஊதினால் பெரியதொரு மனாரா போல் எழும். கடல் அமைதியுற்றிருக்கையில் மீன்களை வாலால் வளைத்துத் திரட்டி, வாயைத் திறக்கும். கிணற்றில் விழுவதுபோல் மீன்கள் அதனுள் விழும். அது சாய்ந்து மரக்கலம் மூழ்கிவிடலாகாதென அஞ்சி, இரவுகளில் கிறிஸ்தவர்களின் நாகூஸ் போன்ற கட்டைகளைத் தட்டி ஓசையெழுப்புவார்கள்.

கிணற்று உவமையை வகுப்பில் வாசிக்கும்போது, மாலுமியின் மிகைப்பேச்சு என்று நாமும் நகைத்துக் கடந்ததுண்டு. தாய்லாந்து வளைகுடாவில் பிரைடு இனத் திமிங்கிலங்கள் நீர்மட்டத்தில் வாயைத் திறந்தபடி அசையாது நிற்பதையும், மீன்கள் தாமாகவே உள்ளே விழுவதையும் ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்டனர். அதன்பின் நமக்கு நகைப்பு வரவில்லை.

இனி ஓங்கில். டால்பினுக்கு நம் மீனவர் இட்ட பெயர் இது. அரபியில் துகஸ், துல்ஃபீன். ‘ஹயாத்துல் ஹயவான்’ இயற்றிய இமாம் தமீரீ (மறைவு ஹிஜ்ரி 808, கி.பி. 1405) அதனை அன்போடு வருணிக்கிறார். அது குட்டி ஈன்று பாலூட்டும்; எவருக்கும் தீங்கிழைக்காது; நீரில் மூழ்குவோரைக் கரை நோக்கித் தள்ளும். நுரையீரல் உடையதாதலால் அதன் மூச்சொலி கேட்கும். பாலூட்டலும் நுரையீரலும் அரிஸ்டாட்டில் காலம் முதலே நூல்களில் உள்ளவை. ஆனால் கடல்வாழ் உயிர்களுள் வேறெதற்கும் நுரையீரல் இல்லையென்று தமீரீ சேர்த்துவிடுகிறார். இங்குதான் நூலறிவு சறுக்குகிறது. மாலுமிகள் கண்ட அந்த மனாரா, திமிங்கிலம் விட்ட மூச்சேயன்றி வேறில்லை. ஓங்கிலின் நுரையீரல் ஏட்டில் இருந்தது. திமிங்கிலத்தின் மூச்சு கப்பல் தளத்தில் இருந்தவர்களின் கண்முன் எழுந்தது. இரண்டையும் இணைத்துப் பார்க்க எவரும் முனையவில்லை. மாலுமியின் சொல்லுக்குச் சபையில் இடமில்லாது போனதே காரணம் என்று கருதுகிறோம்.

அந்தக் கடல்வழியில் அமைந்த ஓமானின் முஸந்தம் பகுதியில், இன்று மரக்கலங்களில் ஓங்கில் காணச் செல்வோர் உண்டு. அன்று கட்டைகளைத் தட்டியது விரட்டுவதற்கு. இவர்கள் கைதட்டிச் சீழ்க்கையடிப்பது, ஓங்கில்கள் அருகில் வரவேண்டுமென்று.