மாதவிடாய் நின்ற பிறகு மறுபடியும் ரத்தப்போக்கா? ‘உடம்பு சூடு’ன்னு விட்டுடாதீங்க!

தறியில் உட்கார்ந்திருக்கும்போதே திடீரென முகம், கழுத்தெல்லாம் எரியும். சில நிமிஷத்தில் வியர்த்துக் கொட்டும், பிறகு லேசாகக் குளிரும். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம் போன்ற நெசவுத் தெருக்களில் இதற்குச் சட்டென வரும் பதில், ‘உடம்பு சூடு, மோர் குடி’ என்பதுதான். 45 வயதை ஒட்டிய பெண் என்றால் அது மெனோபாஸின் தொடக்கமாக இருக்கலாம்.

மெனோபாஸ் என்பது எப்போது?

தொடர்ந்து 12 மாதம் மாதவிடாய் வராவிட்டால் அதுதான் மெனோபாஸ். இந்தியப் பெண்களுக்கு சராசரியாக 46, 47 வயதில் வருகிறது. மேலை நாடுகளில் 51 வாக்கில். 40 வயதுக்கு முன்பே நின்றால் டாக்டரைப் பார்த்தே ஆகணும். ஆபரேஷனில் இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டால், எந்த வயதானாலும் மெனோபாஸ் உடனே வந்துவிடும்.

‘அப்பாடா, இனி வரதர் கருட சேவைக்கு நாள் எண்ணிப் பார்க்க வேணாம்’ என்று நிம்மதி அடைபவர்களும் உண்டு. அந்த நிம்மதியில் ஒரு விஷயம் கோட்டை விடப்படுகிறது.

ஒரு சொட்டு என்றாலும்...

ஒரு வருஷம் நின்றபிறகு மறுபடி ரத்தம் பட்டால், அது ‘விட்ட மாதவிடாய்’ இல்லை. பெரும்பாலும் உள்சவ்வு மெலிவது, சதை வளர்ச்சி போன்றவைதான் காரணம். ஆனால் கர்ப்பப்பை உள்சவ்வுப் புற்றுநோயின் முதல் அறிகுறியும் இதுவே. ஸ்கேன், தேவைப்பட்டால் சிறு திசுப் பரிசோதனை செய்தால் தெரிந்துவிடும். ஆரம்பத்தில் பிடித்தால் குணமாக்கும் வாய்ப்பு அதிகம். அறிஞர் அண்ணா அரசு புற்றுநோய் மருத்துவமனை காஞ்சிபுரம் காரப்பேட்டையிலேயே இருக்கிறது. வெட்கத்தால் தள்ளிப்போடுவதுதான் பெரிய தடை.

வியர்வை, தூக்கமின்மைக்கு?

தினசரி வேலையே கெடும் அளவுக்கு இருந்தால் ஹார்மோன் சிகிச்சை நல்ல பலன் தரும். 60 வயதுக்குள், மெனோபாஸ் வந்து 10 வருஷத்துக்குள் தொடங்குவது பாதுகாப்பானது. மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டு வந்தவர்களுக்கு வழக்கமாகக் கொடுப்பதில்லை. அவர்களுக்கு ஹார்மோன் இல்லாத மாத்திரைகள் உண்டு. பிறப்புறுப்பு வறட்சிக்குத் தனி க்ரீம் இருக்கு, கேட்டு வாங்கலாம். மெடிக்கலில் நீங்களாகவே ஹார்மோன் மாத்திரை வாங்கிப் போடாதீங்க.

எலும்பும் இதயமும்

ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் எலும்பு வேகமாக மெலியும். நாள் முழுக்க வீட்டுக்குள் தறியில் இருப்பவர்களுக்கு வெயிலும் படாது. தறி மிதிப்பதே உடற்பயிற்சிதானே என்றால், உட்கார்ந்து மிதிப்பது எலும்புக்குப் போதாது, நடக்கணும். இந்த வயதில் தினம் 1200 மில்லிகிராம் கால்சியம் தேவை. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமாவது கிடைக்கும். எள்ளுப்பொடி, பால், கீரையும் சேர்த்துக்கலாம்.

இதய நோய் ஆபத்தும் இனி கூடும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர்கள் பிபி, சுகர் பார்க்க வீட்டுக்கு வரும்போது, வீட்டு ஆம்பளைங்களுக்கு மட்டும் பார்த்து அனுப்பாம நீங்களும் கையை நீட்டுங்க.