அழகன்குளம் முதல் பினாங்கு வரை: ஓவியர் சையது தாஜுதீன்

மலேசியாவின் மூத்த ஓவியர்களில் ஒருவராக மதிக்கப்படும் சையது தாஜுதீன், 1943ஆம் ஆண்டு இராமநாதபுரம் மாவட்டம் அழகன்குளத்தில் பிறந்தவர். வைகை கடலில் கலக்கும் இடத்தை அடுத்த இவ்வூர், ரோமானியர்களுடன் வணிகம் நடந்த பழைய துறைமுகம். சிறுவயதிலேயே அவர் மலாயாவின் பினாங்கில் குடியேறினார். அது தமிழ் முஸ்லிம்களுக்கு அந்நிய ஊரல்ல. அங்குள்ள கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காதர் மைதீன் மரைக்காயர் முன்னின்று எழுப்பியது.

ஓவியம் கற்க அவர் மீண்டும் தமிழகம் வந்தார். 1967இல் சென்னை அரசு கலை மற்றும் கைவினைக் கல்லூரியில் சேர்ந்தார். 1850இல் தொடங்கப்பட்ட இக்கல்லூரியில், மேற்கத்திய பாணியை நகலெடுக்காமல் நம் மரபிலிருந்தே நவீன ஓவியத்தை உருவாக்கும் முயற்சி அப்போது வேகம் பெற்றிருந்தது. உருவத்தை நிழலால் அல்லாமல் கோட்டால் காட்டுவது அதன் முக்கியக் கூறு. தாஜுதீனின் ஓவியங்களில் அஜந்தா சுவரோவியங்களின் சாயல் தெளிவாகத் தெரியும்: வளைந்தோடும் கோடு, நீண்ட கண்கள், கூட்டமாக நிற்கும் மனிதர்கள்.

மலேசியா திரும்பியபின், இந்த முறையைக் கொண்டு அவர் மலாய் மண்ணின் கதைகளை வரைந்தார். குனோங் லேடாங் மலையின் இளவரசியும், மலாக்கா சுல்தான் மன்சூர் ஷாவை மணக்கச் சீனாவிலிருந்து கப்பலேறி வந்ததாகச் சொல்லப்படும் ஹாங் லீ போவும் அவருடைய பெரிய திரைகளில் இடம்பெற்றார்கள். கடல் கடந்து வந்த ஒருவர், கடல் கடந்து வந்த இன்னொருவரின் கதையை வரைந்தார். பிறந்த மண்ணின் கலையை அவர் கைவிடவில்லை. வாழவந்த மண்ணை அந்நியமாகவும் பார்க்கவில்லை.

உயிருள்ளவற்றின் உருவங்களை வரைவது குறித்து மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதில் தெளிவு வேண்டுவோர் ஆலிம்களிடம் கேட்டறிய வேண்டும். ஆனால் அரபு எழுத்தணிக் கலை, வடிவியல் கோலங்கள், பூவேலை ஆகியவை முஸ்லிம் உலகம் நூற்றாண்டுகளாகப் போற்றி வளர்த்தவை.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பகுதிக் குடும்பங்களுக்கும் இதில் சேதி உண்டு. நம் தோல் தொழிலில் காலணி, கைப்பை வடிவமைப்புக்கு முதல் தேவையே வரையத் தெரிந்த கை. பிளஸ் டூ முடித்தவர்கள் சென்னை, கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரிகளில் இளங்கலைப் பட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் வரைந்துகொண்டிருக்கும் பிள்ளையை அதட்டுமுன், பெற்றோர் அந்தக் கோடுகளை ஒருமுறை நின்று பார்க்கட்டும்.