இருட்டறையும் ட்ரெட்மில்லும்

2006 அக்டோபர். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பள்ளிகளுக்கு இடையே அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டம். எதிரணிப் பையனைப் பிடிக்கப் பாய்ந்த 13 வயது ஸாக்கரி லிஸ்டெட்டின் தலை தரையில் மோதியது. இரு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். சற்று நேரம் வெளியே உட்கார்ந்தவன், இரண்டாம் பாதியில் மறுபடி இறங்கினான். ஆட்டம் முடிந்ததும் மைதானத்திலேயே சரிந்தான். மூளையில் ரத்தக்கசிவு. அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவன் முதல் வார்த்தை பேசவே ஒன்பது மாதம் ஆனது.

யாரும் அவனைக் கொடுமைப்படுத்தவில்லை. அன்றைய வழக்கம் அது. முகத்தில் தண்ணீர் அடித்து, விரல்களைக் காட்டி 'எத்தனை?' என்று கேட்டு, பதில் சரியாக வந்தால் ஆடவிட்டார்கள். தயங்கிய பையனுக்குக் கோழைப் பட்டம்தான். குத்துச்சண்டைக்காரர்களின் மூளை எப்படிச் சிதைகிறது என்று ஹாரிசன் மார்ட்லாண்ட் 1928-லேயே எழுதிவிட்டார். முதல் அடி ஆறும் முன்னே விழும் இரண்டாவது அடியில் மூளை வீங்கி உயிரே போகலாம் என்று சாண்டர்ஸ், ஹார்பா என்ற மருத்துவர்கள் 1984-ல் எச்சரித்தார்கள். ஆக, அந்தப் பையன்களின் பயத்தில் நியாயம் இருந்தது. மைதானம்தான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஸாக்கரியின் பெயரால் 2009-ல் வாஷிங்டனில் சட்டம் வந்தது. மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் எழுந்தாலே ஆடுபவரை வெளியேற்ற வேண்டும். மருத்துவ அனுமதி எழுத்தில் இல்லாமல் திரும்ப முடியாது. 2014-க்குள் 50 மாநிலங்களிலும் இத்தகைய சட்டங்கள் வந்துவிட்டன.

பிறகு வழக்கம் மறுகோடிக்குப் போனது. அடிபட்ட பிள்ளையை இருட்டறையில் படுக்க வைத்தார்கள். திரைச்சீலை மூடியபடி. போன் இல்லை, டிவி இல்லை, புத்தகம் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. நண்பர்களையும் பார்க்காமல், இப்போது வலிக்கிறதா, இன்னும் சுற்றுகிறதா என்று தன் தலையையே கவனித்துக்கொண்டு கிடக்கும் பிள்ளைக்கு, அசைந்தாலே ஆபத்து என்ற எண்ணம் ஊறிப்போகாதா? மில்வாக்கியில் நடந்த ஓர் ஆய்வு 2015-ல் வெளியானது. ஐந்து நாள் கடும் ஓய்வில் இருந்த இளைஞர்கள், ஓரிரு நாள் ஓய்வுக்குப் பின் படிப்படியாக எழுந்து நடமாடியவர்களைவிட அதிகத் தொந்தரவுகளைச் சொன்னார்கள்.

பஃபலோ பல்கலைக்கழகத்தில் ஜான் லெடியின் குழு ட்ரெட்மில்லைப் பிடித்துக்கொண்டது. தொடக்கத்தில் நடை வேகம் மாறாது; நிமிடத்துக்கு நிமிடம் ஏற்றம் மட்டும் கூடும். தலைவலி கூடுகிறது என்று பிள்ளை சொன்ன நொடியில் நிறுத்தி, அப்போதைய இதயத்துடிப்பைக் குறித்துக்கொள்வார்கள். தினசரிப் பயிற்சி அதில் 80 சதவீதத்தோடு நின்றுவிடும். 13 முதல் 18 வயது வரையிலான 103 பேரிடம் செய்து 2019-ல் வெளியிட்ட ஆய்வில், இப்படி நடந்தவர்கள் 13 நாளில் தேறினார்கள். உடலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு 17 நாள் ஆனது. பிள்ளைக்கு இதில் இன்னொரு லாபமும் உண்டு. எதுவரை போகலாம் என்பது அதற்குத் தெரிந்துவிடுகிறது.

ஆனால் தனியாக நடப்பது வேறு, இன்னொருவன் மீது மோதுவது வேறு. உடல் தேறியும் பந்துக்குப் போகாமல் ஒதுங்குகிற பிள்ளைகள் உண்டு. அரைமனதாகப் பாய்கிறவனுக்கு வேறு காயங்களும் வரலாம். 2008-ல் சூரிச் நகரில் கூடிய நிபுணர்கள் களம் திரும்ப ஆறு படிகளை வகுத்தபோது, மருத்துவ அனுமதிக்குப் பின் வரும் ஐந்தாம் படியில் முழு மோதல் பயிற்சியை வைத்தார்கள். அதன் நோக்கம் என்று அவர்கள் முதலில் எழுதியது, தன்னம்பிக்கையை மீட்பது.