எண்ணெய் விலை ஏறியது, பாண் கியூ நீண்டது

ஷெல், எஸ்ஸோ, கல்டெக்ஸ் கம்பனிகளின் சொத்துகளில் ஒரு பகுதியை 1962இல் அரசு கையேற்றதைச் சென்ற வாரம் பார்த்தோம். 1964இலிருந்து எண்ணெய் வியாபாரம் முழுவதும் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது. 1969இல் சப்புகஸ்கந்தையில் சுத்திகரிப்பு ஆலையும் இயங்கத் தொடங்கியது. ஆனாலும் மசகெண்ணெய் கப்பலில்தான் வரவேண்டும். கப்பலுக்கு டொலர் கட்டவேண்டும்.

1973 ஒக்டோபரில் அரபு – இஸ்ரேல் போர் மூண்டது. பீப்பாய் 3 டொலர் அளவில் விற்ற மசகெண்ணெய், 1974 ஜனவரியில் 11 டொலரைத் தாண்டியது. அதே காலத்தில் உலகச் சந்தையில் அரிசி, கோதுமை, சீனி எல்லாமே ஏறின. தேயிலை விலை அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. நிதியமைச்சர் என்.எம். பெரேராவிடம் இருந்தது ஒரே டொலர்ப் பை. எண்ணெய்க்குக் கூட எடுத்தால் மாவுக்குக் குறையும்.

அதனால் கொட்டாஞ்சேனைச் சனம் அந்தக் காலத்தை நினைப்பது பாண் கியூவை வைத்துத்தான். கார் வைத்திருந்தவர் சிலர். பாண் எல்லா வீட்டுக்கும் வேண்டும். விடியமுன்னரே பேக்கரி வாசலில் ஆட்கள் வரிசை கட்டினார்கள். பாண் கிடைக்காத வீட்டில் மரவள்ளி அவிந்தது.

மற்ற எல்லோரையும்விடக் கூடிய விலை கொடுத்தவர்கள் மலையகத் தோட்டத் தொழிலாளர்கள். கூப்பன் அரிசியும் மாவும் குறைந்தபோது, பயிரிட்டுச் சமாளிக்க லயத்துக்காரருக்குச் சொந்த நிலம் இல்லை. 1974இல் தோட்டங்களில் இறப்பு வீதம் உயர்ந்தது. பட்டினி தாங்காமல் பட்டணங்களுக்கு இறங்கிக் கையேந்தியவர்கள் பலர். எண்ணெய்க் கப்பலுக்குக் கட்டிய டொலரில் பெரும்பங்கு அவர்கள் பறித்த கொழுந்தில் வந்தது.

2022இல் உக்ரேன் போரோடு எண்ணெய் விலை மறுபடி எகிறியபோது, டொலர்ப் பையே காலியாக இருந்தது. வரிக்குறைப்பு, கொரோனாவில் படுத்த சுற்றுலா, வெளிநாட்டுக் கடன் என்று ஏற்கெனவே வறண்டிருந்த நாடு, ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவை நிறுத்தியது. ஆண்டுத் தொடக்கத்தில் லீற்றர் 177 ரூபாவாக இருந்த பெற்றோல், ஜூன் முடிவில் 470 ரூபா. செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 69.8 சதவீதம்.

மின்நிலையங்களுக்கு எரிபொருள் இல்லாமல் 13 மணித்தியாலம்வரை கரண்ட் போனது. வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் லிப்ட் நின்றது; மோட்டர் ஓடாததால் மேல்மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை. கேஸ் தீர்ந்தால் விறகு மூட்ட முற்றமும் இல்லை.

ஜூலையில் எரிபொருளுக்குக் கியூஆர் அட்டை வந்தது. கியூ ஒழுங்குக்கு வந்தது. முதலில் அறிவித்த வாரப் பங்கீடு இது: காருக்கு 20 லீற்றர், ஓடிப் பிழைக்கும் முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர். 1974இல் கொழுந்து பறித்தவருக்கு நேர்ந்ததுதான் 2022இல் ஓட்டோக்காரருக்கும் நேர்ந்தது: உழைப்பவன் பங்கில்தான் முதல் வெட்டு.

(தொடரும்)